தாளம் போட்ட எலும்புக்கால்

அருங்காட்சியகத்தின் பின்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த எலும்புக்கூடு, ஒரு நாள் காலை பதினொன்றே காலுக்கு வலது காலால் தாளம் போட ஆரம்பித்தது. எட்டாயிரம் வருடங்களுக்கு முன் புதைக்கப்பட்ட பெண் அவள். இடுப்பைச் சுற்றி நூற்றிருபது மான் பற்களோடு கிடைத்தவள். அந்தப் பற்களில் இருந்த சின்னச் சின்னக் குழிகள், ஆடும்போது ஒன்றோடொன்று மோதியதால் வந்தவைதானா என்று பார்க்க, அங்கே ஆய்வாளராக இருந்த அக்கா அதே மாதிரி ஒரு சரம் செய்தாள். மான் பண்ணையிலிருந்து பற்களை வரவழைத்து, ஒவ்வொன்றிலும் நரம்பு பதியக் கல்லால் கோடு கீறி, உலர்ந்த நரம்பில் கட்டி முடிக்க மூன்று வருடம் ஆயிற்று. ஆடுகிறவர் வேறு, குறிப்பெடுக்கிறவர் வேறு என்பது விதி. அதனால் தையல் கடை வைத்திருந்த தங்கையை ஆடக் கூப்பிட்டாள். தங்கை ஆடினாள், சரம் சலசலத்தது, பெட்டிக்குள் கால் தட்டியது.

பத்திரிகையில் தங்கையின் படம் வந்தது. அக்காவின் வயிறு பற்றியெரிந்தது.

"நான் சும்மா குதிச்சேன், அவ்வளவுதான்க்கா" என்றாள் தங்கை.

"அதான் எனக்கு ஆத்திரம். இனிமே நீ வர வேண்டாம்."

விடுமுறை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவே சரத்தைக் கட்டி ஆறு மணி நேரம் ஆடினாள். கால் வீங்கியது. நுண்ணோக்கியில் பார்த்தபோது பழைய பற்களில் இருந்த அதே குழிகள் புதுப் பற்களிலும் விழுந்திருந்தன. ஆய்வு ஜெயித்துவிட்டது. பெட்டிக்குள் ஒரு விரல்கூட அசையவில்லை. ஆடத் தொடங்கிய நாலாவது மணி நேரத்தில் மட்டும் மண்டையோடு மெல்ல உருண்டு வாசல் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றுவிட்டது.

கட்டுரை வெளியானது, மாலை மரியாதையெல்லாம் கிடைத்தது. இரண்டு வருடம் அக்கா அந்தத் திரும்பிய தலைக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்த்தாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் தையல் கடைக்குப் போய் நின்றாள்.

"அவ உன்னைத்தான் தேடுறா. வந்து ஆடிட்டுப் போ."

தங்கை மிஷினிலிருந்து காலை எடுத்தாள். "உனக்குப் பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யாருடி சொன்னா? வா."

இப்போது தங்கை சனிக்கிழமைதோறும் வந்து ஆடுகிறாள். அக்கா கடிகாரமும் நோட்டுமாக உட்கார்ந்து, பெட்டிக்குள் கால் தட்டுவதை எண்ணுகிறாள். பொறாமை குறைந்தபாடில்லை. கண்ணாடி துடைக்கிறவர் அன்றைக்கு மட்டும் ஒரு மணிக்கு மேல்தான் வருகிறார். அதுவரை பெட்டி ஆடிக்கொண்டே இருக்கும், துடைக்க வசதிப்படாது.