பிள்ளைக்காம்பராவில் பதிந்த பாட்டு

வெள்ளிக்கிழமை மதியம் சிந்துஜா லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஹீமின் கடைக்குப் படியேறினாள். கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில், இரண்டாம் மாடியில் இருந்தது அந்தக் கணினி திருத்தும் கடை. மருந்துக் கடையொன்றில் பில் அடிக்கும் வேலை அவளுக்கு. சாப்பாட்டுக்கு விடும் முக்கால் மணி நேரத்துக்குள் போய்த் திரும்ப வேண்டும்.

பஹீம் லெப்டொப்பைத் திறந்து, ஏதோ ஒரு சோதனையை ஓட விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதிரையைத் திருப்பிக்கொண்டான்.

"தங்கச்சி, இதுக்கு ரெண்டு வருத்தம் ஈக்கி. ரேம் காணாது. அதாலதான் எல்லா வாத்தியத்தயும் ஒண்டாத் திறந்த ஒடன அப்படியே நிண்டு போகுது. மத்தது ஹார்ட் டிஸ்க். பழசாப் போச்சு. எழுதச் சொன்னா நிண்டு நிண்டு எழுதுது. ரெண்டையும் மாத்தினா நல்லம்."

"ரெண்டுக்கும் வழியில்ல நானா. ஒண்ணுதான். எதப் போடட்டும்?"

"அது நீங்க செய்யப்போற வேலயப் பொறுத்தது. பதிஞ்ச பாட்ட சேர்த்து முடிக்கிறதெண்டா ரேம். புதுசாப் பதியிறதெண்டா டிஸ்க்."

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் அவளுக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

அவளுடைய அக்கா ஜெயராணி மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறாள். திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் பாடுகிறவள். அம்பிட்டியவில் வாடகை அறை எடுத்து, வேலை முடிந்த நேரங்களில் சிந்துஜா செய்துவந்த எல்லாப் பாட்டுகளுக்கும் அவளுடைய குரல்தான். அப்படிச் செய்து இணையத்தில் போட்ட ஒன்றைக் கேட்டுவிட்டுத்தான் கொழும்பிலிருந்து ரமேஸ் என்ற இயக்குநர் அழைத்திருந்தார். அவர் எடுக்கும் தொலைக்காட்சித் தொடருக்கு முகப்புப் பாடல் வேண்டும். இசை முக்கால்வாசி ஆகிவிட்டது. குரல் இன்னும் பதியவில்லை. அதற்குள் ஜெயராணியின் கழுத்தில் வீக்கம் வந்து, ஸ்கேன் எடுத்து, தைரொய்ட் கட்டி என்றார்கள். திங்கட்கிழமை கண்டி பெரியாஸ்பத்திரியில் வந்து படுக்க வேண்டும், செவ்வாய் ஒப்பரேஷன். கட்டி குரல் நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்ன டொக்டர், கொஞ்சம் தயங்கி, "பேச்சு வரும். பாட்டைப் பத்தி நான் எதுவும் சொல்ல மாட்டேன்" என்றார்.

சிந்துஜா மாடிப்படியில் நின்று ரமேஸுக்கு அழைத்தாள். இரண்டே இரண்டு நாள் கூடத் தந்தால் போதும் என்று கேட்டாள்.

"ஞாயிறு அஞ்சு மணிக்கு பாட்டு எடிட்டிங்குக்கு வந்திடணும் சிந்துஜா. அதுக்குப் பொறகு ஒண்ணும் செய்ய ஏலாது. அக்காவுக்கு சரிவராட்டி விடுங்க. நீங்க மியூசிக்க ஒழுங்கா முடிச்சு அனுப்புங்க. இங்க ஒரு பிள்ளை இருக்கு, நல்லாப் பாடும்."

அடுத்து அக்காவுக்கு அழைத்தாள். மலையில் காற்றுச் சத்தம். இரண்டில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றதும் ஜெயராணி யோசிக்கவேயில்லை.

"பாட்ட முடிக்க எது வேணுமோ அத வாங்கு. எனக்காக நிக்காத."

சிந்துஜா திரும்பிப் போய் ரேம் போடச் சொன்னாள். அக்காவின் குரல் ஒரேயொரு ட்ராக். நான்கு வருடம் உழைத்த டிஸ்க் இன்னும் இரண்டு நாள் உழைக்காதா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அதற்கு அடியில் வேறொரு நினைப்பும் இருந்தது. அக்காவால் முடியாமல் போனாலும் இசையாவது தன் பெயரில் போகும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முகம் சுட்டது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

பஹீம் ரேமைப் பொருத்தினான். அவளுடைய வேலைகளையெல்லாம் ஒரு பென் டிரைவிலும் பிரதி எடுத்துக் கொடுத்தான். "இந்த டிஸ்க்க நம்ப வேணாம்" என்று மட்டும் சொன்னான்.

சனிக்கிழமை காலை குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ் ஏறினாள். வத்தேகம தாண்டியதும் மடியில் லெப்டொப்பைத் திறந்து பார்த்தாள். முப்பத்தெட்டு ட்ராக்கும் ஒன்றாகத் திறந்தன. நாதஸ்வரமும் தப்பும் வயலின்களும் தடங்கலே இல்லாமல் ஓடின. பல மாதங்களுக்குப் பிறகு தன் இசையை முழுதாகக் கேட்கிறாள். பன்வில வரும்வரை திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா பூட்டிக் கிடந்தது. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒற்றை அறைக்குச் சனிக்கிழமை பிற்பகலிலிருந்து விடுமுறை. ஜெயராணி சாவி வாங்கி வைத்திருந்தாள். எதிரொலி வராமலிருக்க இருவருமாகச் சுவரிலும் ஜன்னலிலும் கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். கழுத்தில் சேலைத் தலைப்பைச் சுற்றி வீக்கத்தை மறைத்துக்கொண்டு ஜெயராணி மைக்குக்கு முன்னால் நின்றாள்.

முதல் தடவையே நன்றாகப் பாடினாள். சிந்துஜாவுக்கு அழுகை முட்டியது. பதிந்ததை ஓட விட்டுப் பார்த்தாள். பல்லவியின் இரண்டாவது வரியில் குரல் அறுந்து, அரை நொடி ஒன்றுமில்லை. பிறகு தொடர்ந்தது. இன்னும் ஓரிடத்தில். இன்னும் ஓரிடத்தில்.

"என்னா, நான் தப்பா பாடிட்டேனா?"

"இல்லக்கா, மெஷின்தான். இன்னொரு வாட்டி."

மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டு, சுருதியை மட்டும் ஃபோனில் ஓட விட்டுப் பதிந்தாள். ஓட்டை குறையவில்லை, வேறிடத்தில் விழுந்தது. பென் டிரைவுக்கே நேராகப் பதியப் பார்த்தாள். மென்பொருளே பழைய டிஸ்க்கில்தானே இருக்கிறது, பாதியில் நின்றுபோனது. மூன்றாவது, நான்காவது. ஃபோனிலும் ஒருமுறை பதிந்து பார்த்தாள். தகரக் கூரையில் மழை பிடித்துக்கொள்ள, குரலை மழை மூடிவிட்டது. ஆறாவது தடவை மேலே போகும் வரியில் ஜெயராணியின் குரல் உடைந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் விழுங்கும்போது கண்ணை இறுக மூடினாள்.

"கெடச்சிருச்சா?"

சிந்துஜா அவள் கழுத்தைப் பார்த்தாள். வீக்கம் காலையில் இருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

"கெடச்சிருச்சிக்கா."

ஜெயராணி சிரித்தாள். போய்ப் படுத்துக்கொண்டாள். சிந்துஜா பிள்ளைக்காம்பராவின் வாசற்படியில் உட்கார்ந்து, ஆறு பதிவுகளிலிருந்தும் நல்ல துண்டுகளை வெட்டி ஒட்டப் பார்த்தாள். பொழுது சாய்ந்து விசைகளின் எழுத்துத் தெரியாமல் போகும்வரை பார்த்தாள். ஒரு வரிகூட முழுதாகச் சேரவில்லை. மேலே போகும் வரி எந்தப் பதிவிலும் இல்லை. இசை மட்டும் கூப்பிட்ட மாத்திரத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கண்டிக்கு இறங்கினாள். சின்ன வேலையொன்று இருக்கிறது, பின்னேரம் வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லியிருந்தாள். கடை பூட்டியிருந்தது. பலகையில் இருந்த இலக்கத்துக்கு அழைத்தாள்.

"நானா, ரேம எடுத்துட்டு டிஸ்க்கப் போட்டுத் தாங்க."

"தங்கச்சி, இண்டைக்கு ஞாயித்துக் கிழம. பூட்டின சாமான நான் எப்படித் திருப்பி எடுக்கிற?"

"எங்கக்கா இன்னைக்கித்தான் பாட முடியும். நாளைக்கி ஆஸ்பத்திரி. நேத்துப் பாடினது ஒண்ணும் விழல. நான் அவகிட்ட விழுந்திருச்சின்னு சொல்லிட்டேன்."

மறுமுனையில் யாரோ ஒரு பெண்ணிடம் அவன் ஏதோ சொல்வது கேட்டது.

"அங்கனயே நில்லுங்க. வாறன்."

அரைமணி நேரத்தில் வந்தான். ரேமைக் கழற்றித் தன்னுடைய மேசைக் கணினிக்கென்று எடுத்து வைத்துக்கொண்டான். பழைய டிஸ்க்கில் இருப்பது அனைத்தும் புதிய டிஸ்க்குக்கு மாறி முடிய மூன்று மணி நேரம் ஆனது. அந்த மூன்று மணி நேரமும் சிந்துஜா திரையில் நகரும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு இடத்தில் கோடு அசையாமல் நின்றது. பஹீம் கையைக் கட்டிக்கொண்டு அவளோடு சேர்ந்து பார்த்தான்.

"மியூசிக் இப்ப ஓடாதே?" என்றான்.

"ஓடாது. பரவாயில்ல."

திரும்பவும் குட்ஷெட். பஸ் புறப்படாமல் ஆட்களுக்காகக் காத்து நின்றபோது ரமேஸுக்கு அழைத்து நாளைக் காலை வரை கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார்.

பிள்ளைக்காம்பராவுக்குள் கம்பளிகள் அப்படியே தொங்கின. ஜெயராணி துணிப் பையில் ஆஸ்பத்திரிக்கான சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிந்துஜா வாசலில் நின்றபடியே சொன்னாள். நேற்று எதுவும் பதியவில்லை என்பதைச் சொன்னாள். பொய் சொன்னதைச் சொன்னாள். கொழும்பில் வேறு பெண் பாடலாம் என்று ரமேஸ் சொன்னதையும், அதைத் தெரிந்துகொண்டுதான் முதலில் ரேம் வாங்கினாள் என்பதையும் சொன்னாள்.

ஜெயராணி மடித்த துணியைத் திரும்பப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"நேத்து நான் நிம்மதியா தூங்குனேன்டி" என்றாள். "ரொம்ப நாளைக்கிப் பொறகு."

சிந்துஜா தலையைத் தூக்கவில்லை.

"வேற ஆள வச்சிப் பாட வச்சிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன். ஏமாத்துனதுதான் வலிக்குது." பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். "மேல போகாது. நேத்தே தொண்ட போயிருச்சி. ரெண்டு கட்ட கொறச்சு வையி."

சுருதியைக் குறைத்தால் இசையின் எல்லா ட்ராக்கும் மாற வேண்டும். அவற்றைத் திறக்கவே இப்போது இடமில்லை. தம்புராவை மட்டும் திறந்து இரண்டு கட்டை இறக்கினாள். அது ஓடியது. தப்பையும் சேர்த்தாள். அதுவும் ஓடியது. மூன்றாவதாக நாதஸ்வரத்தைத் திறந்ததும் திரை உறைந்தது. மூடிவிட்டாள்.

"இவ்வளவுதான்க்கா இருக்கு."

"போதும்."

ஜெயராணி பாடினாள். தாழ்ந்த சுருதியில் அவள் குரல் வேறொருத்தியின் குரல்போல, அடிவயிற்றிலிருந்து வந்தது. சில எழுத்துகள் காற்றாகவே வெளியேறின. ஒரு சரணத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசிப் பல்லவியில் கண்ணீர் வடிந்தது. அது வலியாலா வேறெதனாலா என்று சிந்துஜாவுக்குத் தெரியவில்லை. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. திரையில் அலைக்கோடு ஓரிடத்திலும் அறாமல் நீண்டுகொண்டே போனது.

முடிந்ததும் ஜெயராணி எதுவும் கேட்கவில்லை. சிந்துஜாதான் ஹெட்போனைக் கழற்றி அவள் காதில் வைத்தாள், அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. ஜெயராணி முழுவதையும் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள். கழுத்து தாங்காமல் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து வார்ட்டில் கட்டில் கிடைக்கப் பதினொரு மணியாகிவிட்டது. அதுவரை நடைபாதையில் தரையில் உட்கார்ந்து சிந்துஜா பாட்டைச் சரிசெய்தாள். தம்புரா, தப்பு, குரல். வேறொன்றும் இல்லை. ஃபோன் டேட்டாவில் ரமேஸுக்கு அனுப்பினாள். ஒரு மணிக்குப் பதில் வந்தது.

"சிந்துஜா, நேத்து பின்னேரமே வேற ஒராள்ட பாட்டு எடுத்திட்டம். இத கேட்டன். குரல் நல்லம், ஆனா முடிஞ்ச பாட்டு மாதிரி இல்ல. குறை நினைக்க வேணாம்."

இரண்டு தரம் வாசித்தாள். ஃபோனைக் கவிழ்த்து வைத்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. எதிர் வாங்கில் ஒரு கிழவர் சோற்றுப் பொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார். இங்கே எப்படிக் கத்துவது. ரேமைக் கழற்றாமல் விட்டிருந்தால் நேற்று மாலை இசை கொழும்புக்குப் போயிருக்கும். தொடரில் அவள் பெயர் வந்திருக்கும். கணக்கில்லாத நாட்கள் பில் அடித்துக்கொண்டே காத்திருந்தது அதற்குத்தான். அந்தக் கதவு இனித் திறக்குமா என்று அவளுக்குத் தெரியாது. மூடியது அவளேதான்.

செவ்வாய்க்கிழமை ஒப்பரேஷன் மூன்றரை மணி நேரம் நடந்தது. கட்டி முழுதாக வந்துவிட்டது என்றார்கள். ஒரு பக்கத்துக் குரல் நரம்பைக் காப்பாற்ற முடியவில்லை என்றார்கள். ஆறு மாதம் போனால்தான் குரலைப் பற்றி ஏதாவது சொல்லலாமாம்.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் நேரத்தில் சிந்துஜா போனபோது ஜெயராணி தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கட்டு. வாயைத் திறந்தால் ஓலை உரசுவதுபோல ஒரு காற்று மட்டும் வந்தது. அருகே குனிந்தால்தான் வார்த்தை புரியும்.

"டிவில எப்ப வரும்?"

"வராதுக்கா. நேரத்துக்குக் குடுக்க முடியல. வேற பாட்டு எடுத்துட்டாங்க."

ஜெயராணி ஃபோனைக் காட்டிக் கையை நீட்டினாள். சிந்துஜா பாட்டை ஓட விட்டு இயர்போனின் ஒரு முனையை அக்காவின் காதில் வைத்து, மறுமுனையைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்களில் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். சாப்பாட்டுக் கரியர்கள் திறந்து மூடின.

இரண்டாவது சரணத்தில் ஜெயராணி விரலைத் தூக்கினாள். சிந்துஜா நிறுத்தினாள்.

"மூச்சு கேக்குது."

"ஆமாக்கா. எடுத்துரலாம். சுலபந்தான்."

ஜெயராணி கண்ணை மூடினாள். மூடிய இமைகளுக்குக் கீழே ஈரம் கசிந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள். கட்டில் ஓரத்தில் குனிந்து நின்ற சிந்துஜாவின் காதில் அந்தக் காற்று மட்டும் பட்டது.

"எடுக்காத. இருக்கட்டும். மிச்சத்தப் போடு."