நாலாவது தண்ணி

"அத்தே, அந்தத் தொட்டியில கை வெக்காதே!"

துர்காதேவி சொல்வதற்குள் அப்பாவின் அக்கா கங்கம்மா நீலத் தொட்டியைச் சாய்த்துவிட்டாள். சலவைச் சோடா கலந்த தண்ணீர் புழக்கடை முழுக்க ஓடியது. ஊறிக்கொண்டிருந்த பதினெட்டு டயபர்த் துணிகளும் தரையில் சரிந்தன.

"உங்க நைனாவைக் குளிப்பாட்ட வேற தொட்டி எங்கடி கீது?"

துர்காதேவிக்கு எட்டாம் மாதம். குனிய முடியவில்லை. முக்காலியில் உட்கார்ந்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பக்கெட்டில் எடுத்துப் போட்டாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொட்டிருக்கலாம். இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டுச் செய்ததில்லை, கூடத்தில் கிடத்தியிருக்கும் மனிதர் உட்பட.

அப்பா திருவேங்கடம் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய் ஆறு வருடம். தலைப்பிரசவத்துக்கு மகள் பிச்சாட்டூர் வந்ததும், தாய் செய்ய வேண்டியதையெல்லாம் தானே செய்வதென்று கிளம்பிவிட்டார். முந்தாநாள் திருப்பதியில், போனில் பேசிவைத்திருந்த ஒரு வீட்டிலிருந்து மூட்டையோடு வந்தார். பழைய டயபர்கள், கொசுவலை, பல்குறி பதிந்த ஒரு கிலுகிலுப்பை.

"ஊரான் வூட்டுப் புள்ளயோட மூத்திரத் துணியா என் புள்ளைக்கு? எங்க மாமியா பாத்தா இன்னா பேசுவாங்க நைனா?"

"புதுசு கரகரன்னு இருக்கும்மா. இது எப்டி மெத்துன்னு ஆயிக்கீது பாரு. நாலு தண்ணி மாத்தனா வாசனை பூடும்னு அந்தம்மா சொன்னாங்க."

ஒவ்வொன்றிலும் சொம்புத் தண்ணீரை ஊற்றித் தூக்கிப் பிடித்து, ட்யூபில் ஓட்டை தேடுவதுபோல எங்கே ஒழுகுகிறதென்று பார்த்தார். தளர்ந்த எலாஸ்டிக்கைப் பிரித்து வேறு வைத்துத் தைத்தார், கோணல்மாணலாக. நேற்று மாலை காட்ட வந்தபோது, "இன்னா வேணா பண்ணிக்கினு போ, என்னை வுடு" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை மூன்றாவது தண்ணீரில் துணிகளை அமுக்கிவிட்டு நிமிர்ந்தவர், சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்தபோது ஏற்றிப்போக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

வயிற்றுப் பிள்ளைக்காரி பிணத்தைப் பார்க்கக் கூடாதென்று துர்காதேவியைப் புழக்கடையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். அழக் கூடாது. பட்டினி கிடக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்கொருத்தி மோரை நீட்டினாள்.

தொட்டியை உள்ளே கொடுத்துவிட்டு வந்த கங்கம்மா, "அதுங்களைத் தூக்கிக் குப்பையில போடு. பொறக்கறதுக்கு முன்னயே வாங்கினு வந்தான் எந்தம்பி. இன்னா ஆச்சி பாத்தியா?" என்றாள்.

"துணியாலயா செத்தாரு? பிரஷர் மாத்திரையைத் துன்னாம ஒளிச்சி வெச்சிக்கினு இருந்தாரு, அதால செத்தாரு!"

அப்போது அப்பாவின் போன் அடித்தது. காலையிலிருந்து அது அவளிடம்தான் இருந்தது.

"மாமா, சத்யபாமா பேசறேன், திருப்பதிலேர்ந்து. வாசனை போயிடுத்தா? கடைசித் தண்ணில சோப்பே போடாதேங்கோ. பொண்ணு கோவமா இருக்கான்னேளே, சமாதானமாயிட்டாளா?"

துர்காதேவி பக்கெட்டைப் பார்த்தாள்.

"நான் பொண்ணுதாங்க பேசறேன். இன்னும் ஒரு தண்ணி கீது."

"ஓ... அப்பா இல்லியாம்மா?"

கூடத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது.

"குளிச்சிக்கினு இருக்காரு" என்று சொல்லி போனை வைத்தாள்.

கங்கம்மா பக்கெட்டைக் குழாயடிக்கு இழுத்தாள். குழாயைத் திறந்து பக்கெட்டை நிரப்பினாள். ஒரு துணியை எடுத்துப் பிழிந்தவள், கோணல் தையலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இருவரும் பதினெட்டையும் அலசிக் கொடியில் போட்டு முடித்தபோது வாசலில் மேளம் தொடங்கியது.

பாடை புழக்கடைச் சுவரையொட்டிய சந்து வழியாகத்தான் போகும். துர்காதேவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, துவைக்கும் கல்மீது ஒரு காலை வைத்தாள்.

"ஏறாதடி, வழுக்கும். பாக்கக் கூடாதுன்னு சொல்றேன் இல்ல."

அவள் ஏறிவிட்டாள். கங்கம்மா ஓடிவந்து, இரண்டு கைகளாலும் அவள் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மேளம் நெருங்கியது. மாலைகள் முகத்தை மூடியிருந்தன. ஒரு பக்கத்துக் காது மட்டும் தெரிந்தது.

"தெரியிதா?" என்றாள் கங்கம்மா கீழேயிருந்து.

"ம்."

மேளம் திருப்பத்தைத் தாண்டிய பிறகும் கங்கம்மா கையை எடுக்கவில்லை.