மூன்றாம் மாடி ஏறாத மோட்டார்

எழுபது கிலோ தண்ணீர் மோட்டாரைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி வருகிற ஆம்பளை இந்த ஊரில் பிறக்கவில்லை. அப்படி ஒருத்தன் பிறந்திருந்தால் அவனுக்கு மோட்டாரே வேண்டாம், கிணற்றோடு தூக்கிக் குடித்துவிடுவான். காயிலக்கா இதைச் சந்தைக் கடைகள்பற்றி அதிகாரிகள் போட்ட கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். மேடையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள், குறித்துக்கொண்டார்கள். அதோடு சரி.

சந்தைக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் அவளுடையது ஒன்பதாவது கடை. ஏழடி அகலம், பன்னிரண்டடி நீளம். எரிந்துபோன மோட்டாரும் மின்விசிறியும் அங்கே வரும். கருகிய கம்பியை உளி வைத்து அறுத்து, உள்ளே சிக்கியதைக் குறட்டால் பிடுங்கி, புதுச் செப்புக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பாள். பதினாறு வருஷமாகக் காயில், அதாவது கம்பிச்சுருள், சுற்றிச் சுற்றிப் பெற்றோர் வைத்த பேரை ஊர் மறந்துவிட்டது. விரல் நுனிகளில் ரேகை கிடையாது. கைநாட்டு வைக்கச் சொன்னால் மை மட்டும்தான் விழும்.

இப்போது அரசாங்கம் சிறுதொழிலுக்குக் கைகொடுக்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தது. மக்களுக்கு நிஜமாகவே உபயோகமான கடைகள் கீழ்த்தளத்திலேயே இருக்கலாம், யாரும் அசைக்க மாட்டார்கள். மற்றவை மூன்றாம் மாடிக்கு. லிப்ட் அப்புறம் வரும். உபயோகமா இல்லையா என்று யார் சொல்வது? அதற்கு ஒரு கேமரா. ஒவ்வொரு கடை வாசலிலும் நெற்றி உயரத்தில் புளியங்கொட்டை அளவு கண்ணாடிக் கண் ஒன்றை ஒட்டினார்கள். வாசலைத் தாண்டும் முகங்களை அது எண்ணி, தன் அடியிலேயே எண்ணைக் காட்டும். ஒரு முகத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எண்ணும். மூன்று நாளில் முந்நூறு முகம் சேர்ந்தால் கீழே, சேராவிட்டால் மேலே.

டீக்கடைக்காரர் முதல் நாள் காலை எட்டு மணிக்கே முந்நூறைத் தாண்டிவிட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார். டீ தினமும் குடிக்கிற சமாச்சாரம். மோட்டார் தினமும் எரிந்தால் அது காயிலக்கா சுற்றிய மோட்டாராக இருக்காது. நல்லாச் சுற்றினால் ஏழு வருஷத்துக்கு ஆள் திரும்பி வரமாட்டான். வேலை சுத்தமாக இருந்ததுதான் அவள் செய்த குற்றம்.

முதல் நாள் எண்ணிக்கை ஆறு. அவள் ஒன்று, பக்கத்துக் கடையில் தையல் மிஷின் வைத்திருக்கும் நாத்தனார் ஒன்று, மின்விசிறி கொண்டுவந்த தம்பதி ரெண்டு, விலாசம் கேட்டு வந்தவர் ஒன்று. ஆறாவது முகம், அவர் தோளில் தொங்கிய பையில் அச்சடித்திருந்த சினிமா நடிகை.

ரெண்டாம் நாள் நாத்தனார் இறங்கினாள். கணவனுடைய தங்கை. அண்ணிக்கு ஒன்று என்றால் ஊரைக் கூட்டிவிடுவாள். ஒன்றும் இல்லை என்றாலும் கூட்டுவாள். சந்தையில் உள்ள கடைக்காரர்களை ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து இழுத்து வந்து கண்ணுக்கு முன்னால் நிறுத்தினாள். கறிக்கடைக்காரர் வெட்டுக்கத்தியோடு வந்து நின்று, கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்போல வெட்கப்பட்டார். எவ்வளவு இழுத்தும் சந்தையில் மொத்தக் கடைக்காரர்களே அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தால் ஐம்பத்தொன்று. ஆக ஐம்பத்தேழு. பாக்கி ஒரே நாள், இருநூற்று நாற்பத்துமூன்று முகம்.

காயிலக்கா முதுகைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் மாடிக்குப் போனால் ஒரு மாதம் தாங்குமா என்று யோசித்தாள். தாங்காது. வேறு தொழில் தெரியுமா? தெரியாது. நாத்தனார் மட்டும் கடையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே கூரை வரைக்கும் பழைய இரும்பு. பதினாறு வருஷத்துக் கருகிய மோட்டார் கூடுகள்.

"அண்ணி, அதுக்குப் பின்னாடி ஒரு ஷட்டர் இருக்குல்ல?"

"இருந்துச்சு."

"அதத் தொறந்தா எங்க போகும்?"

காயிலக்கா சொல்லிக்கொண்டே சுவரை விட்டு எழுந்தாள். பின்னால் லாரிகள் சரக்கு இறக்கும் முற்றம். அதற்கு அந்தப்பக்கம் பஸ் ஸ்டாண்டு. முற்றத்திலிருந்து சந்தைக்குள் வரக் கட்டிடத்தையே சுற்ற வேண்டும். மூட்டை தூக்குகிறவர்களும், பஸ்ஸில் இறங்குகிறவர்களும், அத்தனை பேரும் தினமும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் விடியும்போதே, நாத்தனார் சொல்லியனுப்பி, சுமைக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி ஒருவர். மூட்டையைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி எப்போதும் தோளில் தொங்குவதால் கொக்கியண்ணன். இரும்பு மலையை அவர்கள் முக்கால் மணியில் முற்றத்து ஓரத்துக்கு மாற்றினார்கள். துருப்பிடித்த ஷட்டரை நாலு பேர் தோள் கொடுத்து ஏற்றினார்கள். அது யானை பிளிறுவதுபோல அலறிக்கொண்டு மேலே போனது. அந்தப்பக்கத்து வெளிச்சம் முன்வாசல் வரைக்கும் வந்து விழுந்தது.

கொக்கியண்ணன் அரைமூட்டை வெங்காயத்தோடு முதல் ஆளாக உள்ளே நுழைந்து, சந்தைக்குள் போய், மூட்டையைப் போட்டுவிட்டு, திரும்பி வந்து, அவள் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். ஒரு நடைக்கு இருநூற்றுப்பத்து அடி மிச்சம் என்றார். ஒரு நாளைக்கு எண்பது நடை. அவருக்குப் பள்ளிக்கூடக் கணக்கு வராது, இந்தக் கணக்கு அவர் முட்டிக்கு வந்தது.

"இத்தன வருஷமா இந்தக் கதவ மூடி வச்சிருந்தியே காயிலக்கா, நீ நல்லா இருப்பியா" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயமாகவும் இருக்கலாம்.

ஒரு சிக்கல் வந்தது. மூட்டை சுமக்கிறவன் தலை குனிந்துதான் வருவான். கேமராக் கண்ணுக்கு மூட்டைதான் தெரிகிறது, முகம் தெரியவில்லை. எண் ஏறவே இல்லை. நாத்தனார் ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலில் ஏறி நின்றாள். அன்று முழுக்க அவள் வேலை அதுதான்: நூறு கிலோ மூட்டைக்குக் கீழே குனிந்து வருகிறவனைப் பார்த்து நிமிரச் சொல்வது. நிமிர்ந்தவன் பல்லைக் காட்டினான். எவனும் அவர்களை நிமிரச் சொல்லிக் கேட்டதில்லை. அதனால் வந்த சிரிப்பு.

எட்டு மணிக்குள் பஸ் ஸ்டாண்டுக்கு விஷயம் போய்விட்டது. அப்புறம் ஆள் வந்தார்களா, வெள்ளம் வந்ததா என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக ஓடினார்கள். மெத்தையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனவர் தன் முகம் விழவில்லை என்று கேள்விப்பட்டு, சந்தைக்கோடியிலிருந்து மெத்தையோடு திரும்பி வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனார். ஆளுயர நிலைக்கண்ணாடியை ரெண்டு பேர் தூக்கிவந்தபோது எதிரே வந்த அத்தனை பேரும் அதிலும் தெரிந்து, இடம் வலம் மாறிய முகங்களைக் கேமரா வேறு ஆட்கள் என்று நினைத்து, எண் ஒரே மூச்சில் எகிறியது. ரெண்டு பெண்கள் சண்டை போட்டபடியே நுழைந்தார்கள். வார்னிஷ் வாடைக்கு ஒருத்தி தும்ம, மற்றவள் பார்த்துப்போ என்று தோளைப் பிடித்துக்கொள்ள, முன்வாசலில் இறங்கியதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் காயிலக்கா வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரித் தண்ணீர்த்தொட்டி மோட்டார், சாயங்காலம் போயாக வேண்டும். ஒரு காயிலுக்கு அறுபத்தெட்டுச் சுற்று. நாற்பதில் ஒருவர் சௌக்கியமா என்பார், போச்சு. மறுபடி ஒன்றிலிருந்து. ஐம்பத்தஞ்சில் ஒரு பாட்டா செருப்புக்காரர் காலை மிதிப்பார், அதுவும் போச்சு. நாலாம் தடவை போனபோது அவளுக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்து, கம்பி முனை கன்னத்தில் குத்தக் குத்தச் சிரித்தாள். ஒன்பதரை மணிக்கே நாத்தனார் ஸ்டூல்மேலிருந்து கத்திவிட்டாள், முந்நூறு தாண்டியாச்சு என்று. கடை தப்பித்தது. போதும், மூடிவிடலாம் என்று காயிலக்கா பின்பக்கம் போய்ப் பார்த்தாள். லாரியிலிருந்து அவள் ஷட்டர் வரைக்கும் மூட்டை வரிசை. ஷட்டர்மேல் வைத்த கையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள்.

மத்தியானம் ரெண்டு மணிக்குக் கணக்கெடுப்பு ஆபீசர் வேர்க்க விறுவிறுக்க வந்தான். இருபத்தஞ்சு வயசுகூட இருக்காது, சட்டைப்பையில் ரெண்டு பேனா, கக்கத்தில் ஒரு தடிப் புத்தகம். ஆபீசில் உட்கார்ந்து பார்த்தால் ஒன்பதாம் கடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று காட்டுகிறது. கேமராவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்து ஓடி வந்திருக்கிறான். கேமராவைக் கழற்ற நிற்கும்போதே அவனைத் தள்ளிக்கொண்டு பதினோரு பேர் போனார்கள். பன்னிரண்டாவதாக அவனே பின்வாசலுக்கு அடித்துச் செல்லப்பட்டான். திரும்பி வர அவனுக்கு ஐந்து நிமிஷம் ஆனது.

கீழ்த்தளம் சிறுதொழிலுக்கு மட்டும்தான் என்றான். ஒரே நாளில் ஆயிரம் பேருக்குமேல் வந்தால் அது பெரிய தொழில். பெரிய தொழில் என்றால் கடையைக் காலி பண்ணி ஏலம்.

காயிலக்காவின் கையில் கம்பி நின்றது. ஆள் வரவில்லை என்றால் மேலே, வந்துவிட்டால் வெளியே. இதில் தொழிலுக்குக் கைகொடுப்பது எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

"தம்பி, நெஜத்தச் சொல்லிடறேன். இவங்கள்ல ஒருத்தர்கூட மோட்டார் கொண்டாரல. பஸ் புடிக்கப் போறாங்க, மூட்ட தூக்கறாங்க. என்கிட்ட இன்னிக்கு இருக்கறது இந்த ஒரே மோட்டார். ஆஸ்பத்திரியோடது."

அவன் முன் ஷட்டரைப் பார்த்தான், பின் ஷட்டரைப் பார்த்தான். நடுவில் ஒரு கிழவர் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு போனார்.

"அப்ப இது கடையே இல்லக்கா. வழி."

அதைத் தீர்ப்புமாதிரி சொன்னான். நாத்தனார் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளைக் கொக்கியண்ணன் கையமர்த்தினார். ஏனென்றால் ஆபீசர் தடிப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்திருந்தான், அவன் முகம் மாறிக்கொண்டே போனது. கெட்டவன் இல்லை. இதற்குமுன் மற்றச் சந்தைகளில் மூன்றாம் மாடிக்கு ஆட்களை அனுப்பி அனுப்பி அலுத்துப்போனவன்.

கட்டிட விதியில் இருந்தது. ஆயிரம் பேர் நடக்கிற வழியை யாரும் அடைக்கக் கூடாது, ஏலம் விடக் கூடாது, மேலே மாற்றக் கூடாது. வழி எப்படி மாடி ஏறும்? வழியோரத்தில் ஏற்கெனவே இருந்து ஜனங்களுக்கு வேலை செய்கிறவர்களை எழுப்பவும் கூடாது, நடக்க நாலடி விட்டிருந்தால். அவன் ஒவ்வொரு வரியாக வாசித்தான். அவனே நம்பாமல் கடைசி வரியை ரெண்டு தடவை வாசித்தான்.

நாத்தனார் தையல் டேப்பை அதற்குள் கழுத்திலிருந்து உருவிவிட்டாள். ஏழடி அகலத்தில் காயிலக்காவின் மேஜை மூன்றரை. மிச்சம் மூன்றரை. அரை அடி குறைகிறது.

நாளைக்கு வந்து முறைப்படி அளந்து, எழுதி, மேலிடத்தில் கையெழுத்து வாங்கி என்று ஆபீசர் இழுத்தான். மேலிடத்துக்கு ஒரு ராத்திரி கொடுத்தால் என்ன யோசிக்கும் என்று காயிலக்காவுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி மோட்டாரைக் கட்டிப்பிடித்துத் தரையில் இறக்கினாள். தச்சரிடம் ரம்பம் வாங்கிவர ஒருவன் ஓடினான். வந்ததும் மேஜைமேல் ஓரத்திலிருந்து அரை அடி விட்டு, சாக்பீஸால் நீளத்துக்கு ஒரு கோடு போட்டாள். இரண்டங்குலக் கனத்துப் பலகை, எண்ணெய் குடித்துக் குடித்து இரும்பு மாதிரி இறுகியது. ரம்பம் முதலில் வழுக்கியது, அப்புறம் பிடித்தது. மரத்தூள் பறக்க, ஜனங்கள் அவள் முதுகுப் பக்கமாக ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டே இருந்தார்கள். கால்வாசி அறுத்ததும் பலகை ஆட ஆரம்பித்தது.

"அந்தக் கோடிய அமுக்கிப் புடி தம்பி, சும்மா நிக்காத" என்றாள்.

அவன் பேனா ரெண்டையும் புத்தகத்தையும் நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, சட்டைக்கையை மடித்து, ரெண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தான்.