டீ டவல்ஸ் குழுவுக்கு வாசிக்கத் தெரியாது

டீ டவல்ஸ் என்ற பங்க் இசைக்குழுவில் சேர ஒரே ஒரு தகுதிதான் வேண்டும். எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரிந்திருக்கக் கூடாது. சட்டத்தைப் போட்டவள் கோரல். கித்தார் அவளுடையது, பாட்டு அவளுடையது, ஒத்திகை பார்க்கும் கார் கொட்டகைகூட அவள் மாமாவுடையது. சட்டமும் அவளுடையதாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். பையன்கள் கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் கித்தாரைக் கொஞ்சுவதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துப் போனவள் அவள். "மூணு இடத்துல விரல வைக்கத் தெரிஞ்சாப் போதும். அதுலயும் ஒண்ணு தப்பா இருந்தா ரொம்ப நல்லது" என்பாள். முன்பு பேஸ் கித்தார் வாசித்தவளுக்கு இரண்டு கையாலும் பியானோ வாசிக்க வரும் என்று தெரிந்த அன்றே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

அந்த இடத்துக்குத்தான் கிளினிஸ் வந்தாள்.

"இதுக்கு முன்னாடி என்னடி வாசிச்சிருக்க?"

"டேப் ரெக்கார்டர்ல பட்டன் அழுத்தியிருக்கேன்."

கோரல் விழுந்து விழுந்து சிரித்து, அந்த நிமிடமே சேர்த்துக்கொண்டாள்.

சொன்னது பச்சைப் பொய். கிளினிஸ் எட்டு வயதிலிருந்து செல்லோ என்ற பெரிய வயலினை வாசித்தவள். மாவட்ட இளைஞர் இசைக்குழுவில் முதல் வரிசை. பத்து வருடம் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு தப்புகூடச் செய்யாமல், ஒரு தடவைகூடச் சிரிக்காமல் வாசித்திருந்தாள். இங்கே வந்த முதல் வாரமே வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுபடி அந்த நாற்காலிக்குப் போக அவளுக்கு மனசே இல்லை. அதனால் ஒற்றை விரலால் வாசித்தாள், கவனமாகத் தப்பு செய்தாள். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தடுமாறிப் பழகியவள் லீட்ஸ் நகரத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவர்களுடைய முதல் கச்சேரி பஸ் தொழிலாளர் மன்றத்தில், ஒரு சனிக்கிழமை மாலை. இங்கிலாந்து ராணியின் வெள்ளிவிழாவுக்குக் கட்டிய காகிதக் கொடிகளை மன்றத்துக்காரர்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. மேடையேற அரை மணி இருந்தது. கோரல் கித்தாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிழிந்த சட்டைக்கு ஊக்குக் குத்த டிரம்காரி மாவிஸிடம் போனாள்.

அந்தக் கித்தாரின் இரண்டாவது தந்தி பத்து வாரமாகச் சுதி இறங்கியே இருந்தது. கிளினிஸ் அதைப் பல்வலி மாதிரி பொறுத்துக்கொண்டிருந்தாள். அன்று பதற்றத்தில் அந்தப் பக்கம் நடந்தபோது அவள் கை தன்பாட்டுக்குப் போய் முறுக்காணியைக் கால் சுற்று திருப்பிவிட்டது. கை அதோடு நிற்கவில்லை. மற்ற ஐந்தையும் சரி பார்த்துவிட்டுத்தான் திரும்பியது.

கோரல் வந்து கித்தாரை மாட்டி ஒரு இழு இழுத்தாள். ஆறு தந்தியும் ஒன்றாக, அழகாக ஒலித்தன.

"யாருடி இதத் தொட்டது?"

"தூசி தட்டினேன்" என்றாள் கிளினிஸ்.

"தூசி தட்டினா சுதி சேருமா?"

கிளினிஸுக்குக் காது வரை சிவந்தது. "செல்லோ. பத்து வருஷம். கடைசிப் பரீட்சை வரைக்கும். எட்டாவது கிரேடு."

"எட்டாவதா?" கோரல் பீர்ப் பெட்டி மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

மாவிஸ் தொண்டையைச் செருமினாள். "அப்ப நானும் சொல்லிடறேன். சால்வேஷன் ஆர்மி சர்ச் பேண்டுல ஆறு வருஷம் டிரம் அடிச்சேன். தொப்பியெல்லாம் போட்டுக்கிட்டு."

"போன மாசம் நீ தாளம் விட்டதுக்கு உன்னக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தேனேடி."

"வேணும்னுதான் விட்டேன். ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

கோரல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப இங்க நெசமாவே ஒண்ணும் தெரியாதவ நான் ஒருத்திதானா?" குரல் உடைந்தது.

"ஆமா" என்றாள் கிளினிஸ். "தப்பா வாசிக்கறப்ப உன் மூஞ்சில வர்ற சந்தோஷம் எனக்குப் பத்து வருஷத்துல ஒரு நாளும் வரல. அதுக்குத்தான் உன்கிட்ட வந்தேன். அனுப்பிடாதடி."

கோரல் மூக்கை உறிஞ்சினாள்.

"மாவிஸ், கித்தார் தொட்டிருக்கியா?"

"சத்தியமா இல்ல."

"நீ டிரம் அடிச்சிருக்கியா கிளினிஸ்?"

"குச்சிய எந்தப் பக்கம் பிடிக்கணும்னுகூடத் தெரியாது."

"இதாவது நெசமா?"

"நெசம்."

"அப்ப மாத்திக்கோங்க. பேஸ் எனக்கு. சட்டம் சட்டந்தான்."

முதல் பாட்டை மூன்று பேரும் மூன்று வெவ்வேறு நேரத்தில் முடித்தார்கள். இரண்டாவது பாட்டில் கிளினிஸின் குச்சி பறந்துபோய்க் கொடிகளில் சிக்கியது. மிச்சத்தை ஒற்றைக் குச்சியால் ஒப்பேற்றினாள். முன்வரிசையில் இருந்தவர்கள் துள்ளிக் குதித்து மேடையைப் பார்த்துத் துப்பினார்கள். பங்க் கச்சேரியில் ரொம்பப் பிடித்துப்போனால் அப்படித்தான்.

கோரல் பாடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "ஏய் கிளினிஸ், படு கேவலமா அடிக்கறடி."

செல்லோ போட்டிகளில் எத்தனையோ நடுவர்கள் எழுதித் தந்த பாராட்டில் ஒன்றுகூடக் கிளினிஸுக்கு இப்படி இனித்ததில்லை. கன்னத்தில் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டு அடுத்த அடியையும் தப்பாகவே அடித்தாள். இந்தத் தடவை அதற்காக அவள் ஒன்றும் மெனக்கெடவில்லை.