ஈரல் துண்டு

மாமனார் மீனின் ஈரலைத் தனியாகப் பொரித்துக் கிண்ணத்தில் மூடி வைத்திருந்தார். வாயும் வயிறுமாக வந்திருக்கும் தன் மகளுக்கு. நாத்தனாரின் தட்டுப் பக்கம் கரண்டி போனபோது மருமகளின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அவள் ஆராய்ச்சிக்கூடத்தில் அறுத்துப் பார்ப்பதே மீனின் ஈரலைத்தான். போன மாதம் ஏரிக்கரைக் கூட்டத்தில் அவளைத்தான் மேடையேற்றினார்கள். ஆலைக்கழிவு ஏரியில் கலந்து, மீனின் உடம்புக்குள் ஹார்மோன் போல வேஷம் போடுகிறது. ஆனால் மீன் லேசுப்பட்டதில்லை, அதன் ஈரல் அந்த நஞ்சைப் பிடித்து, உடைத்து, நீரில் கரையும்படி மாற்றி, பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும் என்றாள். முன்வரிசையில் இருந்த ஆலை அதிகாரிகள் கைதட்டினார்கள். கைதட்டல் காதுக்கு இதமாக இருந்தது. மீதியைச் சொல்லாமல் இறங்கிவிட்டாள். நஞ்சு தினமும் வந்துகொண்டே இருந்தால் ஈரல் திணறிப்போகும். எல்லா நஞ்சையும் அதனால் தள்ளவும் முடியாது. நல்ல தண்ணீரில் விட்டுவைத்த பிறகும் அவளுடைய ஆண் மீன்களின் ரத்தத்தில், பெண் மீனிடம் மட்டுமே ஊற வேண்டிய முட்டைக்கருவின் புரதம் ஓடிக்கொண்டிருந்தது.

ஏரியில் வலை போடும் மாமனார், அவள் சொன்ன பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீட்டின் பின்னால் தொட்டி கட்டி, பிடித்த மீனைச் சில நாள் குழாய்த் தண்ணீரில் நீந்தவிட்டுத்தான் விற்கிறார். கிண்டல் செய்த மற்ற வலைக்காரர்களின் வாயை மருமகள் பேச்சைச் சொல்லியே அடைத்தாராம்.

"பயப்படாம சாப்பிடும்மா," என்றார் மகளிடம். "அண்ணி சொன்ன மாதிரி நல்ல தண்ணியில விட்டு எடுத்தது."

இப்போது சொல்லிவிட வேண்டும். ஒரு வார்த்தை போதும். சொன்னால் தன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அப்புறம்தான் தொட்டி ஞாபகம் வந்தது, அதற்கும் அப்புறம்தான் நாத்தனாரின் வயிறு. அந்த வரிசையை நினைத்து அவளுக்கு உடம்பு கூசியது.

"அது எனக்கு வேணும், மாமா."

இந்த வீட்டில் அவள் இதுவரை எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. நாத்தனார் சிரித்துவிட்டாள். "அண்ணியே வெக்கத்த விட்டு கேட்டுட்டாங்க, குடுத்துடுங்கப்பா."

மாமனாருக்கு முகமெல்லாம் பூரிப்பு. துண்டை மருமகளின் தட்டில் வைத்து, அவள் தின்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். கசக்கும் என்று நினைத்தாள். ருசியாகத்தான் இருந்தது.

"இரும்மா, உனக்கு வேற எடுத்துட்டு வரேன்," என்று மகளின் தோளைத் தட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். வாய் நிறைய ஈரலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். தொட்டிக்குள் அவர் கையை விடும் சத்தமும், பெரிய மீன் ஒன்று வாலால் தண்ணீரை அடிக்கும் சத்தமும் கேட்டன.