ரேடியோவைக் குறைச்சு வைங்க

பாலம் இடிந்த பத்தாவது நாள் ஒரு பெண் வானொலி நிலையத்துக்கு வந்தாள். அவளிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் உங்க ரேடியோல பேசினாரா, இல்லையா?"

வரவேற்பறையில் இருந்தவளுக்குப் பதில் தெரியவில்லை. மாடியில் இருந்த பட்டன் அக்காவுக்குத் தெரியும்.

பட்டன் அக்கா என்பது நிலையத்தில் எல்லாருமாகச் சேர்ந்து வைத்த பெயர். தினமும் காலை பத்து மணிக்கு நேயர்கள் போனில் பேசும் நிகழ்ச்சி. நேரடி ஒலிபரப்பு என்றுதான் சொல்வார்கள். நேரடிதான், ஆனால் ஏழு வினாடி தாமதத்தோடு. அந்த ஏழு வினாடிக்குள் யாராவது பேசக் கூடாததைப் பேசினால், அக்கா ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துவாள். பேச்சு விழுங்கப்படும். ஊருக்குப் புல்லாங்குழல் இசை கேட்கும்.

பேசியவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. "ரேடியோவைக் குறைச்சு வைங்க, இரைச்சல் வருது" என்று முதலிலேயே சொல்லிவிடுவதால், அவர் தன் குரல் போகிறதா என்று கேட்கவே வழியில்லை. அறிவிப்பாளரும் "அருமையாச் சொன்னீங்க, நன்றி" என்று இழுத்துப் பேசி வழியனுப்புவார். ஊருக்கே சொல்லிவிட்ட நிம்மதியில் மனிதர் போனை வைப்பார்.

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லைன்னு சொன்னவங்க நம்ம பட்டனைப் பார்த்ததில்ல" என்று இயக்குநர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். அக்காவும் சிரித்தவள்தான்.

அந்தப் பெண் வருவதற்கு இருபத்தெட்டு நாளுக்கு முன் அந்த அழைப்பு வந்தது. எதை வெட்ட வேண்டும், எதை விடலாம் என்று தினமும் அக்காவுக்கு வரும் பட்டியலில் அன்று நான்காவது வரி: 'புதுப் பாலம். புகழ்ந்தால் விடலாம்.'

"கேக்குதுங்களா? நான் பஸ் டிரைவர் பேசறேன். புதுப் பாலத்துல மூணாவது தூண் கிட்டப் போனா வண்டி ஒரு குலுக்கு குலுக்குது..."

அக்கா அழுத்தினாள். புல்லாங்குழல். அடுத்த நேயர் மழையைப் பற்றிப் பேசினார்.

பதினெட்டு நாள் கழித்து மூன்றாவது தூண் சரிந்தது. ஒரு பஸ்ஸும் அதில் இருந்த பத்தொன்பது பேரும் ஆற்றோடு போனார்கள்.

அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் குரல் கேட்கிறது. ஒரு அழைப்பு முடிந்து அடுத்தது வரும் இடைவெளியில், ஹெட்போனின் இடது காதில் மட்டும்: "கேக்குதுங்களா?" முதலில் வேறு லைன் கலக்கிறது என்று நினைத்தாள். பொறியாளர் ஹெட்போனை மாற்றிக் கொடுத்தார், வயரை மாற்றினார், கடைசியில் அவளையே ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு வீட்டில் குழாயைத் திறந்தாலும் கேட்டது. மூடினால் இன்னும் தெளிவாகக் கேட்டது.

"உங்கிட்ட ஒண்ணு கேட்டா பதில் வர்றதுக்குள்ள எனக்குத் தாடி மொளைச்சிடும் போல" என்றார் அவள் கணவர். "ஆபீஸ் தாமதத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துட்டியா?"

அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. சொல்ல வந்தது இவரிடம் சொல்லக் கூடியதுதானா என்று.

வந்திருந்தது அந்த பஸ் டிரைவரின் மனைவி. அவளுக்கு இயக்குநர் கீழே பதில் அனுப்பினார்: 'அப்படி ஓர் அழைப்பு வரவில்லை.' அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை. கைப்பையை மடியில் வைத்தபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

அக்கா இயக்குநர் அறைக்குப் போனாள்.

"வந்துச்சே சார். நான்தான அழுத்தினேன்."

"வெட்டினது எல்லாம் முப்பதாவது நாள் தானா அழிஞ்சிடும். இன்னும் ரெண்டே நாள். உனக்கு எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை?"

"பத்தொன்பது பேர் சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கெட்டவர் இல்லை. அவள் பிரசவத்தின்போது ரத்தம் கொடுத்தவர்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தன் போன் பண்ணி, குடிதண்ணி தொட்டியில விஷம் கலந்துட்டாங்கன்னு ஒரு தெருக்காரங்க மேல பழி சொன்னான். நீ அழுத்தின. பக்கத்து ஊர் ரேடியோல அதே ஆளை விட்டுட்டாங்க. அன்னைக்கு அந்த ஊர்ல நாலு வீடு எரிஞ்சுது. நம்ம ஊர்ல ஒரு கண்ணாடிகூட உடையல. அது யார் விரல்?"

"அது புரளி. இது விரிசல்."

"ஏழு செகண்ட்ல எது புரளி, எது விரிசல்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாமத்தான் இத்தனை வருஷம் அழுத்தியிருக்கேன்."

அக்கா தன் இடத்துக்குத் திரும்பினாள். வெட்டியவை சேரும் கோப்புறையில் அந்தத் தேதியைத் தேடி, அந்த ஒரு துண்டைத் தன் செல்போனில் ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினாள்.

"பேசினார். வெளிய போகாம நிறுத்தினது நான்."

அந்தப் பெண் அழவில்லை, கத்தவுமில்லை. "போடுங்க" என்றாள்.

அக்கா போட்டாள். ஹெட்போனில் பத்து நாளாகக் கேட்ட குரல் இப்போது எல்லாரும் கேட்கும்படி வரவேற்பறையில் ஒலித்தது. "...கீழ எறங்கிப் பார்த்தேன். கை நுழையற அளவுக்கு விரிசல். யாராவது பெரியவங்க வந்து பாருங்க. அதுவரைக்கும் பழைய ரோட்டுலயே விடுங்க, அரைமணி தாமதமானா ஒண்ணும் குடி முழுகிடாது. என் வீட்டம்மா கேட்டுட்டு இருப்பா, அவளுக்கும் வணக்கம்."

அவள் இன்னொரு முறை போடச் சொன்னாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"பத்து மணியிலருந்து பதினொரு மணி வரைக்கும் ரேடியோ முன்னாடியே உக்காந்திருந்தேன். வரல. சாயங்காலம் வந்து, 'எப்படிப் பேசினேன்?'ன்னு கேட்டாரு. 'பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லுங்க'ன்னேன். அதோட விட்டேனா? டிப்போல அவர் கூட்டாளிங்க கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன். 'ரேடியோ ஸ்டார்'னு பேர் வெச்சாங்க. ரெண்டு நாள் பாலத்து வழியா போகமாட்டேன்னு அடம் பிடிச்சாரு. பயந்தாங்கொள்ளி, இதுல பொய் வேறன்னு கேலி. மூணாவது நாள் வாயை மூடிக்கிட்டு அதே வழியில வண்டியை எடுத்துட்டாரு. பாலத்தோட போனதும் அவர் ஓட்டின பஸ்தான்."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட..."

"அதெல்லாம் அப்புறம். டிப்போவுக்கு வாங்க. நான் அங்கதான அவரைப் பொய்யனாக்கினேன். அங்கதான் இது கேக்கணும்."

மதிய உச்சி வெயில். டிப்போவில் பஸ்கள் வரிசையாக நின்றன. டிரைவர்களும் கண்டக்டர்களும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணைப் பார்த்ததும் எழுந்தார்கள். பெரிய மீசை வைத்த டிரைவர் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ரேடியோ ஸ்டார் என்று பேர் வைத்தது அவர்தான் என்று அவள் அக்காவிடம் சொன்னாள்.

"என்னம்மா, இந்த வெயில்ல?"

"உங்க கூட்டாளி பேசறாரு. கேளுங்க."

எஞ்சினை ஓடவிட்டிருந்த பஸ்ஸை யாரோ போய் நிறுத்தினார்கள். அக்கா செல்போனை உயர்த்திப் பிடித்தாள். மூன்றாவது தூண், குலுக்கல், கை நுழையும் விரிசல், வீட்டம்மாவுக்கு வணக்கம். குரல் முடிந்தது. தட்டுகளில் ஈ மொய்த்தது.

அந்தப் பெண் எல்லாரையும் பார்த்தாள். "பொய் சொல்லல. பார்த்தீங்களா?"

மீசைக்காரர் தலை நிமிரவில்லை.

"எனக்குத் தெரியும்மா" என்றார்.

"என்ன தெரியும்?"

"அவனுக்கு ஒரு வாரம் முன்னாடியே நானும் போன் பண்ணினேன். இதையேதான் சொன்னேன். வீட்டுல கேட்டா, 'நீங்க எங்க பேசினீங்க, புல்லாங்குழல்தான் வந்துச்சு'ன்னாங்க. வெளிய சொன்னா மானம் போயிடும்னு வாயைத் திறக்கல. அவன் மாட்டினப்போ..." அவர் மீசை துடித்தது. "முதல்ல சிரிச்சது நான்தான். பேர் வெச்சதும் நான்தான்."

பின்வரிசையிலிருந்து ஒரு கண்டக்டர், "நானும் பேசினேன்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் சற்றுப் பொறுத்து, "நான் ரெண்டு தடவை" என்றார்.

நானும் பேசினேன் என்றவரை மற்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரே டிப்போ, ஒரே சாப்பாட்டு நிழல். இத்தனை நாளும் ஒருவருக்கொருவர் தெரியாமலே இருந்திருக்கிறார்கள்.

அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எந்தக் குரலும் நினைவுக்கு வரவில்லை. ஒரு சொல்கூட. மீசைக்காரர் பேசியது கோப்புறையிலும் இருக்காது, முப்பது நாள் தாண்டியிருக்கும்.

"நீங்க என்னைக்குப் பேசினீங்க?" என்று மீசைக்காரரைக் கேட்டாள். அவளுக்கே தன் குரல் கேட்கவில்லை.

அவர் தேதியைச் சொன்னார். அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தங்கை மகளின் பிறந்தநாள். நிகழ்ச்சி முடிந்ததும் அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பினாள். வேலையில் விசேஷமாக எதுவும் நடக்காத நாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.