காபரிக்கு ஊற்றிய எண்ணெய்

"உங்ககிட்ட இருக்கிற கொழுப்புல பாதி பால்ல இருந்தாப் போதுமே, மோங்கிபென்!"

பால் சங்கச் செயலாளர் வேலாபாய் சொன்னதும் வரிசையே சிரித்தது. கொழுப்பு பார்க்கும் இயந்திரம் 2.9 காட்டியது; மூன்றரையாவது வேண்டும். தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் பால்மானி உடைந்து நாலு மாதம். அதன் வேலையை இப்போது வேலாபாயின் நாக்கு பார்க்கிறது. மோங்கிபென் ஒரு சொட்டு கலந்தவள் இல்லை. கலப்பின மாடு காபரி வேளைக்குப் பத்து லிட்டர் கறக்கும், பால் சற்று நீர்த்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் யாரையும் பென், பாய் என்று அக்கா, அண்ணன் முறை வைத்தே கூப்பிடும் பனாஸ்காண்டா மாவட்டத்தில் தண்ணீர் கலந்தவள் என்று பேரெடுத்தால் அவள் வீட்டு மோரைக்கூட எவரும் தொடமாட்டார்கள்.

ஓரகத்தி தரியாபென் ஒரு வழி சொன்னாள். "எங்கம்மா வீட்டுல எருமைக்கு எண்ணெய் ஊத்துவாங்க. உள்ள போற கொழுப்பு மடிக்கு வராம வேற எங்கடி போகும்?"

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சொந்த வயல் கடுகு, செக்கில் ஆட்டிய எண்ணெய். மூங்கில் குழாயை வாயோரம் செருகி, வேளைக்கு அரை லிட்டர் ஊற்றினாள். காபரி தலையை உதறியது.

"குடிச்சிடு தாயி, என் மானம் உன் மடியிலதான் இருக்கு."

ஐந்தாம் நாள் இயந்திரம் 2.3 என்றது.

"இன்னிக்கு ஊத்தினது குழாய்த் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?" என்றார் வேலாபாய்.

ரோஷம் தலைக்கேறியது. அளவை ஒரு லிட்டராக்கினாள். பாழாய்ப்போன ரோஷம்!

இரண்டே நாளில் காபரி தீவனத்தை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. சாணத்தில் வைக்கோல் அரையாமல் அப்படியே வந்தது. பிறகு படுத்துவிட்டது. கால்நடை டாக்டர் விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"அசை போட்டு எத்தனை நாளாச்சு?"

மோங்கிபென் எண்ணெய் விஷயத்தைச் சொன்னாள்.

"வயித்துக்குள்ள நாரைச் செரிக்க வைக்கிற கிருமிங்க கோடிக்கணக்குல இருக்கும்மா. எல்லாத்தையும் எண்ணெயில முக்கிக் கொன்னுட்டீங்க. நார் செரிச்சாத்தான் பால்ல கொழுப்பு, அதான் அதுவும் இறங்கிச்சு. அந்தக் கிருமிங்களைத் தொடாம, வயித்தைத் தாண்டிப் போய்க் கரையற கொழுப்புத் தூளே விக்குதே, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? இனிமே எழுந்தா அது அதிர்ஷ்டம்."

மறுநாள் காலை, படுத்திருந்த மாட்டிடம் ஒன்றரை லிட்டர்தான் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனாள். இயந்திரம் 5.1 காட்டியது. தின்னாத மாடு தன் உடம்பையே கரைத்துக் கொடுத்த கொழுப்பு அது.

வேலாபாய் தொடையைத் தட்டினார். "பாத்தீங்களா எல்லாரும்! தண்ணியை நிறுத்தினதும் பாலும் கொறைஞ்சுது, கொழுப்பும் ஏறிடுச்சு. இப்பவாவது ஒத்துக்கோங்க பென்."

வரிசை அவள் வாயையே பார்த்தது. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தண்ணீர்ப் பழி போய்விடும், பசுவைக் கொன்றவள் என்ற பேர் வந்து சேரும். அந்தப் பேர் பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் கூடவே நடந்து வரும்.

"ஆமா பாய்," என்றாள். "தண்ணிதான் ஊத்தினேன்."

வெறும் பாத்திரத்தோடு அவள் வீட்டுக்கு வந்தபோது, காபரி அசை போடாத வாயோடு அவளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது.